எருவும் உரமும் ஒரே குழியில்: தாம்பரம் வட்டாரத்தில் பரங்கிக்கும் பூசணிக்கும் ஊட்டம்

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் முதலில் போட வேண்டியது கொடிக்காய்தான். இரண்டு குழி பரங்கி, ஒரு குழி வெண்பூசணி, மதில் ஓரம் ஒரு சுரை அல்லது பீர்க்கு. இவ்வளவு இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் பல வீடுகளில் கொடி மட்டும் மதில் தாண்டிப் படர்கிறது. இலை குடைபோல் விரிகிறது. பிஞ்சோ கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளடித்து விழுந்துவிடுகிறது. மகரந்தம் சேராததும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், தீனி அளவு தப்பியது அல்லது நாள் தப்பியது.

இந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்களில் இரண்டு தரப்பு உண்டு. ஒரு தரப்பு எருவைத் தவிர எதையும் தொடாது. மறு தரப்பு செடி வெளுத்தால் ஒரு பிடி யூரியாவை வீசிவிட்டுப் போகும். இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான்: எரு எவ்வளவு சத்துத் தரும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். அதற்கு மேல் கொடிக்கு வேண்டியதை மட்டும், வேண்டிய நாளில், கரண்டி அளவில் உரமாகக் கொடுங்கள். படித்து முடிக்கும்போது உங்கள் குழிக்கான கணக்கை நீங்களே போடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் இரண்டும் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவில் சூப்பர் பாஸ்பேட் தயாரிப்பு ராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தால் தொடங்கியதும் அதே 1906இல்தான். மூன்று ஆண்டு கழித்து, 1909இல், கோவையில் நிரந்தர உரப் பரிசோதனை வயல் போட்டார்கள். ஒரு பாத்திக்கு எதுவும் போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும் என்று ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். 1972இல் அகில இந்திய நீண்டகால உரப் பரிசோதனையும் அங்கே சேர்ந்தது.

அந்த வயல்கள் சொன்ன பாடம் தெளிவானது. தழைச்சத்தை மட்டும் ஆண்டாண்டாகக் கொட்டிய பாத்தி, கடைசியில் ஒன்றும் போடாத பாத்தியின் பக்கம் சரிந்தது. தழை, மணி, சாம்பல் மூன்றையும் கொடுத்த பாத்தி நின்றது. அந்த மூன்றோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திதான் விளைச்சலிலும் மண்ணின் கரிமத்திலும் முன்னே நின்றது.

காரணம் சத்து வெளிப்படும் வேகத்தில் இருக்கிறது. நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 10 கிலோ எருவில் 50 கிராம். ஆனால் அது முழுவதும் இந்தப் பட்டத்திலேயே கொடிக்குக் கிடைத்துவிடாது. நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுப்பது முதல் பட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான், நல்ல ஈரமும் சூடும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. மீதி மண்ணில் தங்கி அடுத்த பட்டங்களுக்கு ஆகிறது. பரங்கிக் கொடியோ முதல் 25 நாள் மெதுவாக வளர்ந்துவிட்டு, 30ஆம் நாளுக்கு மேல் நாளுக்கு நாள் ஓடுகிறது. அந்த நேரத்தில் எரு தரும் வேகம் போதாது. அங்கேதான் கரண்டி யூரியாவுக்கு வேலை. மறுபுறம், உரத்தை மட்டும் நம்பினால் நீரைப் பிடித்து வைக்கவும், சத்து கழுவிப் போகாமல் தாங்கவும் மண்ணில் ஒன்றும் இருக்காது. சித்திரை வெயிலில் அந்தக் கொடி மதியம் சோர்ந்து தொங்கும்.

முதலில் உங்கள் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

தென்சென்னைப் புறநகர் முழுவதற்கும் ஒரே அளவு பொருந்தாது. இந்தப் பகுதிக்குள்ளேயே நான்கைந்து வகை மண் இருக்கிறது.

பல்லாவரம், பம்மல், திருநீர்மலை: மலையடிச் செம்மண், சரளை. பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அந்தச் சிவப்புக்குக் காரணமான இரும்பு, நாம் போடும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது. இந்த மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகப் போடாமல் எருவோடு கலந்து போடுவது மிக முக்கியம்.

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம்: ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த களிமண். சத்து உண்டு, வடிகால் இல்லை. இங்கே குழியைவிட மேட்டுப்பாத்தி நல்லது. எரு இந்த மண்ணை உதிரியாக்கும்.

முடிச்சூர், வரதராஜபுரம்: அடையாற்றை ஒட்டிய தாழ்நிலம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் நின்ற பகுதி. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் உரம் வைப்பது பணத்தைத் தண்ணீரில் விடுவது.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம்: கடற்கரை மணல். எதைப் போட்டாலும் நாலு தண்ணீரில் கீழே போய்விடும். உரத்தைச் சிறு சிறு தவணையாகப் பிரிக்க வேண்டும்.

புது மனைப் பிரிவுகள்: சவுடு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மட்டம் செய்த மனை. சிமென்டுச் சுண்ணாம்பு கலந்திருப்பதால் காரத்தன்மை கூடியிருக்கும். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் செடிக்கு எட்டாது. இரண்டடிக்கு இடிபாட்டைத் தோண்டி அகற்றிவிட்டு வேறு மண் நிரப்புங்கள்.

முடிந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காட்டாங்கொளத்தூர் பக்கத்தில் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் நிலையம் அது. மண் பரிசோதனைக்கு எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அங்கே கேட்கலாம். ஆங்கில ‘வி’ வடிவில் அரையடி ஆழம் வெட்டி, அதன் ஓரத்திலிருந்து சீவி எடுங்கள். நான்கைந்து இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தால் போதும்.

எருவை வாங்கும்போது

முடிச்சூர், மாடம்பாக்கம், சேலையூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போய் நின்றதும் விலை பேசாதீர்கள். வயதைக் கேளுங்கள்.

“அண்ணா, இது எவ்ளோ நாள் எரு?”

“போன வருஷத்துக் குப்பை சார். கையால அள்ளிப் பாருங்க, சூடே இருக்காது.”

அவர் சொல்வதுதான் சோதனை. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. அள்ளிப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். மழை பெய்த மண் வாசம் வர வேண்டும், மூத்திர நெடி வரக் கூடாது. வைக்கோல் துண்டு முழுசாகத் தெரிந்தால் இன்னும் மக்கவில்லை. உள்ளே விரல் பருமனில் வெள்ளையாகச் சுருண்ட காண்டாமிருக வண்டுப் புழு இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு வாங்குங்கள். பச்சைச் சாணியைக் குழியில் போட்டால் அது மக்கும் சூட்டில் முளை வெந்துவிடும்.

மாட்டெரு கிடைக்காவிட்டால் மற்றவை உண்டு. ஆட்டு எரு மாட்டெருவைவிடச் சத்து அடர்த்தியானது, பாதிக்கும் குறைவாகப் போதும். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து இரண்டரை சதவீதத்துக்கு மேல். இது வேகமாகவும் வேலை செய்யும். நன்றாக மக்க வைத்து ஒரு குழிக்கு 2 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதம். மாநகராட்சியின் நுண் உரமாக்கல் மையங்களில் கிடைக்கும் குப்பை உரத்தைச் சலித்து, கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஏரி வண்டல் அருமையான பொருள்தான். ஆனால் கழிவுநீர் கலக்கும் ஏரியின் வண்டலைக் காய்கறித் தோட்டத்தில் போட வேண்டாம்.

பட்டம்

பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி பரங்கிக்கு ஜூன்–ஜூலையும் டிசம்பர்–ஜனவரியும் பட்டம். கோ 2 ரகம் சுமார் 135 நாள், ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய். சிறிய குடும்பத்துக்கு ஏற்றது. கோ 1 சுமார் 175 நாள், ஏழெட்டுக் கிலோ காய். நம் வட்டாரத்தில் ஆடி கடைசியில் விதைத்தால் கொடி காய்க்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அதனால் முதல் பட்டத்துக்கு ஆனியிலேயே விதையுங்கள். ஆயுத பூஜைக்கு வெண்பூசணி வேண்டுமென்றால் வைகாசியிலேயே விதைக்க வேண்டும். இரண்டாம் பட்டத்துக்கு மார்கழிக் கடைசி அல்லது தை முதல் வாரம். இந்தப் பக்கத்துக்கு இதுவே பத்திரமானது.

குழி தயாரிப்பு

விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள்.

1. எருவுக்கு ஊட்டமேற்றுங்கள். பத்துக் குழிக்கு 100 கிலோ மக்கிய எருவும் 750 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும். நிழலில் ஒரு சாண் உயரத்துக்கு எருவைப் பரப்பி, அதன்மேல் சூப்பரைத் தூவி, மறுபடி எரு, மறுபடி சூப்பர் என்று அடுக்குங்கள். தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். பிடித்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி 30 நாள் விடுங்கள். இதுதான் ஊட்டமேற்றிய தொழு உரம். எருவின் கரிம அமிலங்கள் மணிச்சத்தைச் சூழ்ந்துகொள்வதால் செம்மண் இரும்பு அதைப் பிடிப்பது குறையும்.

2. குழிகளை 2 மீட்டர் இடைவெளியில் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வெட்டுங்கள். மேல்மண்ணைத் தனியாக வையுங்கள். ஒரு வாரம் வெயில் படட்டும். களிமண் நிலமானால் குழி நிரப்பியபின் அரையடி உயர மேடாக முடியுங்கள்.

3. குழிக்கு 10 கிலோ ஊட்டமேற்றிய எரு, 100 கிராம் பொடித்த வேப்பம் புண்ணாக்கு, 20 கிராம் மியூரேட் ஆப் பொட்டாஷ். இவற்றை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் முக்கால் வாளிக்குச் சற்று மேல் எடுத்தால் ஈர எரு 10 கிலோ வரும்.

4. தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறவிடுங்கள். பிறகு ஒரு கை மக்கிய எருவில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் மூன்றையும் ஒவ்வொரு கரண்டி கலந்து விதைக்குழியில் மட்டும் வைத்து, ஐந்து விதை ஊன்றுங்கள். 15ஆம் நாள் நல்ல இரண்டு செடியை விட்டு மற்றதைக் களையுங்கள்.

உரக் கணக்கு

பல்கலைக்கழகம் பரங்கிக்குச் சொல்வது: குழிக்கு 10 கிலோ தொழு உரம், 6:12:12 கலப்பு உரம் 100 கிராம் அடியுரம், 30ஆம் நாள் 10 கிராம் தழைச்சத்து மேலுரம். இதை நம் கடையில் கிடைக்கும் பொருளாக மாற்றுவோம்.

100 கிராம் கலப்பு உரத்தில் தழை 6, மணி 12, சாம்பல் 12 கிராம். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம். ஆக 75 கிராம் சூப்பர். பொட்டாஷில் 60 சதவீதம். ஆக 20 கிராம். தழைச்சத்து 6 கிராமுக்கு யூரியாவானால் 13 கிராம் வேண்டும். ஆனால் நாம் போட்ட 100 கிராம் வேப்பம் புண்ணாக்கிலேயே 5 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அது மெதுவாக வெளிவரும், முளைக்கும் வேரைச் சுடாது. ஆகவே அடியுரத்தில் யூரியாவே வேண்டாம். மேலுரத்தின் 10 கிராம் தழைச்சத்துக்கு யூரியா 22 கிராம். ஒரு குழிக்கு ஒரு பட்டத்தில் மொத்த யூரியா இவ்வளவுதான்.

சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். இல்லாவிட்டால் 5 மில்லி தேக்கரண்டியை நிரப்பித் தலை தட்டி அளக்கலாம். யூரியா ஒரு கரண்டி 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பொட்டாஷ் 5 கிராம், சூப்பரும் ஏறத்தாழ 5 கிராம். ஆக மேலுரம் 6 கரண்டி யூரியா, அடியுரத்தில் 4 கரண்டி பொட்டாஷ். அந்தக் கரண்டியை உரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எரு மாறினால் கணக்கும் மாறும்:

• கோழி எரு 2 கிலோ போட்ட குழி: அதில் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 50 கிராமுக்கு மேல். யூரியாவும் சூப்பரும் வேண்டாம். பொட்டாஷ் மட்டும் போடுங்கள்.

• சூப்பர் கிடைக்கவில்லை, டிஏபிதான் இருக்கிறது: 26 கிராம் டிஏபியில் 12 கிராம் மணிச்சத்து கிடைக்கும், கூடவே 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத் தழைச்சத்தும். அப்போது வேப்பம் புண்ணாக்கைப் பாதியாக்கலாம். ஆனால் சூப்பரில் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் உண்டு, டிஏபியில் அவை இல்லை. காயின் அடிமுனை அழுகும் தோட்டத்தில் சூப்பரையே தேடி வாங்குங்கள்.

• 17:17:17 மட்டும் கிடைத்தால்: குழிக்கு 70 கிராம் அடியுரம். மூன்று சத்தும் 12 கிராம் வீதம் கிடைக்கும். தழைச்சத்தில் பெரும்பங்கு முன்பே போய்விட்டதால், 30ஆம் நாள் யூரியாவை 2 கரண்டியாகக் குறையுங்கள். பொட்டாஷ் தனியாக வேண்டாம்.

மேலுரம் வைக்கும் விதம்

30ஆம் நாள் வேர் குழியைத் தாண்டிப் போயிருக்கும். தண்டின் அடியில் உரம் வைப்பதில் பயனில்லை, தண்டு அழுகவும் செய்யும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறுங்கள். முந்தின இரவே 22 கிராம் யூரியாவை ஒரு கரண்டி வேப்பம் புண்ணாக்குத் தூளோடு கலந்து மூடி வைத்திருங்கள். ஐந்துக்கு ஒன்று என்ற இந்தக் கலப்பு நெல் விவசாயிகளின் பழைய வழக்கம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது என்றாலும், மணல் பக்கம் இந்தக் கூடுதல் வேலை வீண் போகாது. கீறலில் சீராகத் தூவி, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். மூடாமல் வெயிலில் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

கடற்கரை மணலில் இந்த 22 கிராமை 20ஆம் நாள் தொடங்கிப் பூ வருவதற்குள் மூன்று தவணையாகக் கொடுங்கள். பொட்டாஷையும் பாதி அடியில், பாதி முதல் பிஞ்சு பிடித்ததும் கொடுங்கள். மொத்த அளவு அதேதான்.

பூ வந்தபின் யூரியா தொடாதீர்கள். அதிகத் தழைச்சத்து கொடியையும் இலையையும் வளர்க்கும், பெண் பூ வருவதைத் தள்ளிப்போடும், சாம்பல் நோய்க்கும் அசுவினிக்கும் இடம் கொடுக்கும். பூ பூக்கும் வாரங்களில் கொடிக்கு வேண்டியது சீரான தண்ணீரும் காலையில் தேனீயும்தான். தேனீ வராத மாடியில், விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அன்று மலர்ந்த பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். வெயில் ஏறுவதற்குள் பூ மூடிவிடும்.

சேர்த்து வைக்கக் கூடாதவை

இஸ்திரி வண்டிகளில் கிடைக்கும் கரிச்சாம்பல் நல்ல சாம்பல்சத்து. ஆனால் அதை யூரியாவோடு கலந்தால் அம்மோனியா பறந்துவிடும். சூப்பரோடு கலந்தால் மணிச்சத்து இறுகிவிடும். சாம்பலுக்கும் இந்த உரங்களுக்கும் இடையே பத்து நாள் விடுங்கள். இடிபாட்டு மண்ணில் சாம்பலே வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் காரம் கூடும்.

அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரத்தை ரசாயன உரத்தோடு ஒரே கலத்தில் கலக்காதீர்கள், நுண்ணுயிர் செத்துவிடும். மக்காத சருகையும் பச்சைத் தென்னை நார்க்கழிவையும் குழிக்குள் புதைக்காதீர்கள். அவற்றை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், கொடி வெளுத்துப்போகும். சருகு மேலே மூடாக்காக இருக்கட்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் கொடிக்காய் இலையைக் கருக்கும். அவற்றைத் தூவவே கூடாது.

மாடித் தோட்டத்தில்

தமிழக அரசு 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய நகர்ப்புறத் தோட்டக்கலைத் திட்டத்தில் கொடுத்த மாடித் தோட்டத் தளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தென்னை நார்க்கழிவுக் கட்டி, உயிர் உரம், அதோடு நீரில் கரையும் உரமும் இருந்தது. அந்தச் சேர்க்கை சரியானது. பையில் மண் குறைவு, தினமும் விடும் தண்ணீரோடு சத்து அடியில் வடிந்துவிடுகிறது. எரு மட்டும் கொண்டு பரங்கிக்கு ஈடு கொடுப்பது கஷ்டம்.

நார்க்கழிவு மக்கியதாக இருக்க வேண்டும். பச்சை நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கி மக்கவைக்கும் முறையைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கிறது. மக்கியபின் அந்த விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும்.

இருப்பதில் பெரிய பையாக எடுத்து, ஒன்றில் ஒரே கொடி விடுங்கள். செம்மண், மக்கிய நார்க்கழிவு, எரு சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நான்காம் வாரத்திலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஈரப் பையில் ஊற்றுங்கள். பிஞ்சு பிடித்தபின் இதை நிறுத்திவிட்டு 13:0:45 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். பை ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்தால் உரத்தை நிறுத்தி, மழைநீரால் பையை நன்றாகக் கழுவி வடியவிடுங்கள். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் 2000ஐத் தாண்டினால் குளோரைடு கலந்த மியூரேட் பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்கள்.

கொடியைப் பார்த்து அறிதல்

அடியிலை முழுதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடியிலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் குறை. இளஞ்செடி வளராமல் இலை கருநீலம் பாய்ந்தால் மணிச்சத்து எட்டவில்லை. நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இடிபாட்டு மண்ணில் இது சகஜம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்தோடு கரைத்து மாலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை. கரும்பச்சை இலை, தடித்த தண்டு, எங்கும் ஆண் பூ என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. அப்போது எதையும் போடாமல் பொறுத்திருப்பதே வைத்தியம்.

மழையும் கிணறும்

தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்றில்லாமல் தழைச்சத்து வாயுவாகிப் போய்விடும். அதனால் மழைக்குப் பின் கொடி வெளுக்கும். தண்ணீர் நிற்கும்போதே உரம் போடாதீர்கள். வடிந்து, கால் புதையாத பதம் வந்தபின், இன்னும் பூ வராத கொடிக்கு 2 கரண்டி யூரியா போதும்.

அளவைத் தாண்டக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காய் மட்டும் காரணமில்லை. கொடி எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். ஈஞ்சம்பாக்கத்து மணலில் பக்கத்துக் கிணறு சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. மேட்டுத் தெருவில் வழிந்தது மழைநீர்க் கால்வாய் வழியே ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரைக்குத் தீனியாகும். எருவை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் இதே கேடுதான். இயற்கை உரம் என்பதால் கணக்கிலிருந்து விலக்கு இல்லை.

அறுவடைக்குப் பின்

காம்பு காய்ந்து கட்டையானதும், நகத்தால் கீறினால் தோல் இறங்காதபோது பரங்கியை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள். நோயில்லாத கொடியை நறுக்கி மக்கக் குழியில் போடுங்கள். ஒவ்வொரு குழியின் கணக்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்த எரு, எத்தனை வாளி, எந்தத் தேதியில் எத்தனை கரண்டி, எத்தனை காய், என்ன எடை. அடுத்த பட்டத்தில் அதே குழியில் கொடிக்காய் வேண்டாம். தட்டைப்பயறோ கீரையோ போடுங்கள். முந்தின எருவின் மிச்சமே கீரைக்கு ஏறக்குறையப் போதும்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதித்து, மணிச்சத்து அதிகம் என்று வந்தால் சூப்பரைப் பாதியாக்குங்கள். கரிமம் ஏறியிருந்தால் மேலுரத்தை 6 கரண்டியிலிருந்து 4 கரண்டிக்கு இறக்கிப் பாருங்கள், காயின் எடை குறையவில்லையென்றால் அந்த அளவிலேயே நில்லுங்கள். ஆண்டுதோறும் எரு ஏறிய மண்ணுக்கு உரக் கரண்டி குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாவிட்டால் எருவின் தரத்தையோ உங்கள் கணக்கையோ திரும்பச் சரிபாருங்கள்.